கொட்டாவிக்கு எழும் கை

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவரைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் சில சமயம் இப்படி நடக்கும். மருத்துவர் வந்து, "வலது கையைத் தூக்குங்கய்யா" என்கிறார். முகம் சிவக்க முயன்றும் ஒரு விரல்கூட அசையவில்லை. மருத்துவர் போனபிறகு, மத்தியானத் தூக்கக் கலக்கத்தில் அவர் பெரிதாக ஒரு கொட்டாவி விடுகிறார். துவண்டு கிடந்த அதே கை முழங்கையில் மடங்கி மெல்ல மார்பு வரை எழுகிறது. கொட்டாவி அடங்கியதும் விழுந்துவிடுகிறது. பக்கத்தில் இருந்த மகள், "அப்பாவுக்குக் கை வந்துருச்சு" என்று அடுப்படிக்கு ஓடுகிறாள். எல்லோரும் வந்து நின்று இன்னொரு முறை தூக்கச் சொன்னால், அசைவே இல்லை.

அவர் நடிக்கவில்லை. மனதைத் தளர விட்டதும் அல்ல காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்களே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் ஒலிவியே வலுசின்ஸ்கி 2005-ல் இதற்கென்று ஒரு பெயரே வைத்தார். இதே போன்ற இன்னொன்றும் உண்டு: "சிரிங்க" என்று சொன்னால் அவருக்கு வாய் ஒரு பக்கம்தான் இழுக்கிறது. பேரன் ஏதோ சேட்டை செய்யும்போது தன்னை மறந்து சிரித்தால் உதடு இரண்டு பக்கமும் சமமாக விரிகிறது.

ஆக, கையின் தசை பழுதாகவில்லை. தசைக்குள் போகும் நரம்பும் முழுதாக இருக்கிறது. இல்லையென்றால் கொட்டாவிக்கும் அது எழுந்திருக்காது. அப்படியானால் அறுந்தது எது?

ஒரு கட்டளை உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஒரு காதிலிருந்து உச்சந்தலை வழியாக மறு காது வரை ஒரு நூலைப் பிடித்தால், ஏறக்குறைய அதற்கு நேர் கீழே, மூளையின் மேற்பரப்பில் இரண்டு பக்கமும் ஒரு பட்டை ஓடுகிறது. இதற்கு இயக்கப் புறணி என்று பெயர். பட்டையின் உச்சியில் காலுக்கான இடம், நடுவில் கைக்கு, காதுக்கு அருகே கீழே முகத்துக்கும் நாக்குக்கும். முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் கொஞ்சம். கட்டைவிரலுக்குக் கிடைத்தது தாராளம். எந்த உறுப்பு எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்து இங்கே இடம் ஒதுக்கப்படவில்லை. எந்த உறுப்பை எவ்வளவு நுணுக்கமாக அசைக்க வேண்டும் என்பதே கணக்கு.

அங்குள்ள நரம்பணுக்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழை கீழே இறங்குகிறது. மேற்பரப்பில் பரந்து கிடந்த இழைகள் மூளையின் ஆழத்தில் ஓர் ஒடுக்கமான இடத்தில் நெருங்கி வருகின்றன. மேற்பரப்பில் கால், கை, முகம் எல்லாம் தள்ளித் தள்ளி இருந்தாலும் இங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போகின்றன. அதனால்தான் உயர் ரத்த அழுத்தத்தால் இந்த இடத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைபட்டாலோ கசிந்தாலோ முகம், கை, கால் மூன்றும் ஒரே நொடியில் விழுகின்றன. அதற்கும் கீழே, பிடரிக்கு உட்புறம் இருக்கும் முகுளத்தில், பக்கத்துக்குச் சுமார் 10 லட்சம் இழைகள் இரண்டு புடைப்புகளாகத் திரள்கின்றன. இவற்றைப் பிரமிடுகள் என்பார்கள். இங்கேதான் பெரும்பான்மையான இழைகள் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போகின்றன. இடது மூளை அடிபட்டால் வலது கை விழுவது இந்தக் குறுக்குத் திருப்பத்தால். பிறகு தண்டுவடத்துக்குள் இறங்கி, அந்தந்த மட்டத்தில் காத்திருக்கும் இரண்டாவது நரம்பணுவிடம் செய்தியை ஒப்படைக்கின்றன. அந்த இரண்டாவது நரம்பணுவின் இழைதான் தண்டுவடத்தை விட்டு வெளியேறி, நரம்பாகத் தசைக்குப் போகிறது.

முதலாவதை மேல் இயக்க நரம்பணு என்றும், இரண்டாவதைக் கீழ் இயக்க நரம்பணு என்றும் சொல்கிறோம். தலையிலிருந்து இடுப்பு மட்டம் வரை ஒரே இழை. இடுப்பிலிருந்து பாதம் வரை இன்னொரு இழை. கால் கட்டைவிரலை அசைக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கும் அசைவுக்கும் இடையில், மிக நேரான வழியில், இரண்டே இரண்டு செல்கள்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

ஒரு மாட்டு வண்டியை எண்ணிக்கொள்ளுங்கள். வண்டிக்காரர் கையில் தலைக்கயிறு. அது மாட்டுக்குப் போகிறது. மாடு பூட்டாங்கயிற்றால் நுகத்தடியில் பூட்டப்பட்டிருக்கிறது. வண்டி தசை என்றால், பூட்டாங்கயிறு நரம்பு, மாடு கீழ் நரம்பணு, தலைக்கயிறு மேல் நரம்பணுவின் இழை. பூட்டாங்கயிறு அறுந்தாலும் மாடே செத்துப்போனாலும் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். நாளாக நாளாக இற்றுப்போகும். தலைக்கயிறு அறுந்தால் கதை வேறு. மாடு உயிரோடு இருக்கிறது, பலமும் குறையவில்லை. ஆனால் போகச் சொன்ன திசையில் போகாது. பக்கத்தில் பஸ் ஹாரன் அடித்தால் வண்டியோடு துள்ளும். அடக்குவார் இல்லாததால் சின்னத் தூண்டலுக்கும் பெரிய பாய்ச்சல்.

மருத்துவர் சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்ப்பது இதைத் தெரிந்துகொள்ளத்தான். தட்டினால் கால் உதறுவது, மூளைவரை போகாமல் தண்டுவடத்திலேயே முடிந்துவிடும் அனிச்சைச் செயல். கீழ் நரம்பணு பழுதானால் எவ்வளவு தட்டினாலும் உதறல் இல்லை. தசை தொளதொளத்து, சில வாரங்களிலேயே சூம்பத் தொடங்கும். மேல் நரம்பணு பழுதானால் உதறல் பல மடங்கு. தசை விறைத்துக் கிடக்கும், சூம்புவது குறைவு. இரண்டையும் நாம் 'வாதம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் இரண்டுக்கும் பழுது இருக்கும் இடம் வேறு, வைத்தியமும் வேறு.

இளம்பிள்ளை வாதம் கீழ் நரம்பணுவின் நோய். போலியோ வைரஸ் தண்டுவடத்தின் முன்பகுதியில் இருக்கும் இயக்க நரம்பணுக்களைத் தேடிப்போய்க் கொல்கிறது. பக்கத்தில் இருக்கும் உணர்ச்சி நரம்பணுக்களைத் தொடுவதில்லை. அதனால்தான் சூம்பிய காலில் எறும்பு கடித்தாலும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தையோடு இந்தியாவில் அந்த வைரஸின் கதை முடிந்தது. ஆனால் திண்டுக்கல் பஸ் நிலையத்திலும் பழனி அடிவாரத்திலும் நாம் பார்க்கும் நடுவயதைத் தாண்டிய பல கால்களில் அது எழுதிவிட்டுப் போனது இன்னும் இருக்கிறது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மனிதர்கள் பட்ட துன்பத்தைப் பொறுமையாகப் பார்த்தவர்களால்தான். 1710-ல் பூர்ஃபூர் து பெத்தி என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர், தலையில் காயம்பட்ட வீரர்களுக்கு எதிர்ப்பக்கக் கை கால் விழுவதைக் கண்டார். இறந்தவர்களின் முகுளத்தைப் பிரித்துப் பார்த்து, இழைகள் குறுக்கே போவதை வரைந்தார். 1860-களில் லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் வலிப்பு நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். சிலருக்கு வலிப்பு கட்டைவிரலில் தொடங்கி, கையில் ஏறி, முகத்துக்குப் போய், பிறகு காலுக்கு இறங்கியது. எப்போதும் அதே வரிசை. மூளையில் இந்த உறுப்புகளுக்கான இடங்கள் அடுத்தடுத்து இருந்தால்தான் இப்படி நடக்கும் என்று, மண்டையைத் திறக்காமலே அவர் ஊகித்தார். 1870-ல் பெர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் மூளைமேல் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, எதிர்ப்பக்கக் கால் அசைவதைக் காட்டினார்கள். ஊகம் உறுதியானது.

மனித மூளையில் இந்த வரைபடத்தை முழுதாக எடுத்தவர் கனடாவின் மான்ட்ரியல் நகரத்து அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட். மூளைக்கு வலி தெரியாது. ஆகவே நோயாளி விழித்திருக்கும்போதே அறுவை செய்ய முடியும். எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று அறிய அவர் ஒவ்வோர் இடமாக மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். கை அசையும். அசைத்தது தாங்கள் இல்லை என்று நோயாளிகளே சொல்வார்கள். அவரிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். மான்ட்ரியலில் வரைந்த படம் இப்படித்தான் நம் ஊர் மருத்துவர்களின் கைக்கு வந்தது.

இனி அந்தக் கொட்டாவிக்கு வரலாம். தலைக்கயிறு அறுந்த பிறகும் மாட்டுக்கு ஒன்று எட்டும்: வண்டிக்காரரின் குரல். "ஹை" என்றால் நடக்கும், "ஹோ" என்றால் நிற்கும். குறுகிய சந்தில் வளைந்து திரும்ப மட்டும் முடியாது. நம் உடம்பிலும் அப்படிக் குரல்வழிகள் உண்டு. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு, பிரமிடுகள் வழியாகப் போகாத பழைய பாதைகள் சில இறங்குகின்றன. நிமிர்ந்து நிற்பது, தடுமாறினால் சமாளிப்பது, நடையின் தாளம் எல்லாம் பெரும்பாலும் இவற்றின் பொறுப்பு. கொட்டாவியும் மூளையின் அடிப்பகுதியிலேயே பிறக்கிறது. அது பழைய பாதையில் இறங்கி, அடக்குவாரற்ற கீழ் நரம்பணுவைத் தட்டிவிடுகிறது. கை எழுகிறது. உணர்ச்சிவசப்பட்ட சிரிப்புக்கும் இதுபோலத் தனி வழி இருக்கிறது.

1968-ல் லாரன்ஸ், கைப்பர்ஸ் என்ற இருவர் குரங்குகளின் பிரமிடுகளை இரண்டு பக்கமும் வெட்டிப் பார்த்தார்கள். அவை படுத்தே கிடக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். சில வாரங்களில் அவை எழுந்து ஓடின, கம்பியில் ஏறின. திரும்ப வராதது ஒன்றுதான்: விரல்களைத் தனித்தனியாக அசைக்கும் திறன். சிறு குழிக்குள் வைத்த தீனியை விரல் நுனியால் எடுக்க முடியவில்லை, கை முழுவதையும் போட்டு வாரின. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கையில் பிடித்த தீனியை விடுவிக்க அவை திணறின. கூண்டின் கம்பியில் ஏறும்போது அதே கை சிரமமில்லாமல் பிடித்துப் பிடித்து விட்டது. பிடியை விடுவது ஒரே செயல்தான், தசைகளும் அவையேதான், ஆனால் எந்த வேலைக்காக என்பதைப் பொறுத்துப் பாதை மாறுகிறது. ஒரு விலங்கை இப்படி வெட்டியது மனதை உறுத்துகிறது. ஆனாலும் பக்கவாதம் வந்தவரின் கையைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

தெருவில் ஒருவர் நடந்து போகிறார். ஒரு கை முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டியிருக்கிறது, விரல்கள் மூடிக்கிடக்கின்றன. அதே பக்கக் கால் விறைத்து நீண்டிருப்பதால் அதை அரைவட்டமாக வீசி வைத்து நடக்கிறார். பக்கவாதத்திலிருந்து மீண்டவர் என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஏன் எல்லோருக்கும் ஏறக்குறைய அதே நடை? பிரமிடுகள் வழியாகப் போகும் புதிய பாதை அறுந்த பிறகு பழைய பாதைகள் வேலையை எடுத்துக்கொள்கின்றன, அவற்றின் திறமையோ இவ்வளவுதான். 2012-ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஸ்டூவர்ட் பேக்கர் குழுவினர் குரங்குகளில் இதை அளந்தார்கள். பிரமிடு பாதை கெட்ட பிறகு, கையை மடக்கும் தசைகளுக்கான பழைய பாதை இணைப்புகள் பலப்பட்டிருந்தன. விரிக்கும் தசைகளுக்கு அந்தப் பலம் வரவில்லை. அந்த மனிதரின் மூடிய கைக்கு இதுவே விளக்கம்.

முகம் கோணிக்கொண்டால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். புருவத்தை உயர்த்தி நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். நெற்றிக்கான கீழ் நரம்பணுக்களுக்கு மூளையின் இரு பக்கமிருந்தும் கட்டளை வருகிறது. ஒரு பக்க மூளை அடிபட்டாலும் மறுபக்கம் காப்பாற்றும். ஆகவே வாய் கோணி, நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கினால் பக்கவாதமாக இருக்கலாம். நெற்றியும் மழமழவென்று இருந்து, கண்ணும் மூடவில்லை என்றால் பெரும்பாலும் முகநரம்பு மட்டுமே பாதிக்கப்பட்ட முகவாதம். பஸ்ஸில் ஜன்னலோரம் காற்று அடித்தது என்று நம் பக்கத்தில் சொல்வது இதைத்தான். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகிவிடும். ஆனால் முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். இந்தச் சோதனையை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவரைக் கிளப்பி, ஸ்கேனும் மருந்தும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும் நேரத்தையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள். புறா ரத்தம் தடவுவதற்கும் எண்ணெய் தேய்ப்பதற்கும் அந்த நாலரை மணி நேரத்தில் இடமே இல்லை. தடவுகிற இடம் தோல், பழுது தலைக்குள்.

மரத்திலிருந்து விழுபவர்களின் கதை இன்னும் வேதனையானது. வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பழனிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஏறுகிறவர் தவறி விழுந்தால் பெரும்பாலும் உடைவது முதுகும் இடுப்பும் சேரும் இடம். தண்டுவடம் முடிவதும் ஏறக்குறைய அங்கேதான். அதற்குக் கீழே கீழ் நரம்பணுக்களின் இழைகள் மட்டுமே கொத்தாகத் தொங்குகின்றன. அதனால் எலும்பு ஓரிரு அங்குலம் மேலே உடைந்ததா கீழே உடைந்ததா என்பதைப் பொறுத்து, கால் விறைக்கும் வகையா தொளதொளக்கும் வகையா என்பது மாறுகிறது. கழுத்தில் உடைந்தால் கைகளும் சேர்ந்து போகும். மேல் கழுத்தில் என்றால் மூச்சே நின்றுவிடலாம்.

மட்டம் என்றால் என்ன என்பதை இரண்டு பேரின் வாழ்க்கை எனக்குப் புரியவைத்தது. வேலூரில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். அடிபட்ட இடம் கைகளுக்கான மட்டத்துக்குக் கீழே இருந்ததால், அவருடைய விரல்களுக்கான பாதை முழுசாக இருந்தது. தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை செய்தார். பிறகு உடலியக்க மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் அவர் முயற்சியால் வேலூரில் மறுவாழ்வு மையம் எழுந்தது. ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்தார். அடிபட்டது கழுத்தில், ஆகவே கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. 1981-ல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம் தென்காசிப் பகுதியில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. இருவருக்கும் அடிபட்டது தண்டுவடமே. சில அங்குல உயர வித்தியாசம் இரண்டு வேறு உடல்களைக் கொடுத்தது.

விழுந்தவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்து ஓடுகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் உடைந்த எலும்பு மிச்சமிருக்கும் இழைகளை அறுப்பது அந்தப் பயணத்தில் நடக்கலாம். 108 வரும்வரை அசைக்காமல் விடுங்கள். நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்கும்படி நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பலகையில் ஏற்றுங்கள்.

தண்டுவடம் அடிபட்ட முதல் சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்கள் வரை, கால் முழுக்கத் தொளதொளத்துக் கிடக்கும். அனிச்சைகூட இருக்காது. மேலிருந்து வந்துகொண்டிருந்த செய்தி திடீரென்று நின்றதில் தண்டுவடமே திகைத்துப்போகும் காலம் அது. பிறகு ஒருநாள் போர்வையை விலக்கும்போது கால் துள்ளும். வீடு முழுக்கச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை உடைக்க எந்த மருத்துவருக்கும் மனம் வராது. ஆனாலும் உண்மையைச் சொல்லியாக வேண்டும்: அது மாட்டின் துள்ளல், வண்டிக்காரர் திரும்பி வந்துவிட்டதாக அர்த்தமில்லை. சொன்னவுடன், சொன்ன விரல் மட்டும் அசைந்தால்தான் பாதையில் ஏதோ மிச்சமிருக்கிறது. பாதத்தின் வெளியோரத்தைக் கீறிப் பார்க்கும் சோதனையும் இதற்கு உதவும். பெரியவர்களுக்குக் கால் கட்டைவிரல் கீழ்நோக்கி மடங்க வேண்டும். மேல்நோக்கி எழுந்தால் மேல் நரம்பணுவில் பழுது. 1896-ல் பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி இதை எழுதினார். கைக்குழந்தைக்கும் மேல்நோக்கியே எழும், பயப்பட வேண்டாம். அந்த நீண்ட இழைகளுக்கு மேலுறை இன்னும் முழுதாக வளரவில்லை, அவ்வளவுதான்.

பக்கவாதத்தில் கை திரும்புமா என்று கேட்காத குடும்பம் இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், விழுந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைக்கச் சொல்லும் பயிற்சியைச் சக ஆய்வாளர்களோடு 1999-ல் பக்கவாத நோயாளிகளிடம் முயன்று பார்த்தார். இன்று பல பிசியோதெரபி அறைகளில் அந்தக் கண்ணாடி இருக்கிறது. யாருக்குக் கை தேறும் என்று முன்கூட்டியே சொல்ல நெதர்லாந்தில் ரின்ஸ்கே நைலண்ட் குழுவினர் 2010-ல் ஓர் எளிய வழியைக் காட்டினார்கள். முதல் 72 மணி நேரத்துக்குள் நோயாளி தோளைச் சற்று விலக்கி உயர்த்தவும், மூடிய விரல்களைக் கொஞ்சமாவது விரிக்கவும் முடிந்தால், ஆறு மாதத்தில் கையில் ஓரளவாவது திறன் திரும்ப 98 சதவீத வாய்ப்பு. இரண்டும் முடியாவிட்டால் 25 சதவீதம். விரலை மடக்குவதைக் கேட்காமல் விரிப்பதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மடக்குவதைப் பழைய பாதைகளே செய்துவிடும். விரிப்பதற்கு முகுளத்தில் குறுக்கே திரும்பும் அந்த 10 லட்சம் இழைகளில் சிலவாவது பிழைத்திருக்க வேண்டும். ஆகவே மருத்துவமனையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், "கையை இறுக்கிப் பிடிங்கப்பா" என்று சொல்லிப் பார்ப்பதோடு, "பிடியை விடுங்கப்பா, விரலை விரிங்க" என்றும் சொல்லிப் பார்த்து, விரிந்ததா இல்லையா என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.